பதியாமல் போன சிரிப்பு

கௌலூன்,
1982 நவம்பர் 5

மரியாதைக்குரிய அக்காவுக்கு,

மக்காவ் நகரில் நீயும் அத்தானும் மணப்பெண் சீ-மானும் குவான் யின் தாயின் அருளால் நலமாக இருப்பீர்கள். நானும் நலம் என்று அடுத்த வரியில் எழுதுவதுதான் முறை. ஆனால் நான் உயிரோடு இருக்கிறேனா என்பதே முடிவாகாத நிலையில் அப்படி எழுதக் கை வரவில்லை.

என் தொழில் உனக்குத் தெரியும். ஏழு வயதில் நாடகப் பள்ளியில் தலைகீழாக நிற்க ஆரம்பித்து, பத்தொன்பதில் சண்டைப் படங்களில் மாடி மாடியாக விழுந்து, முப்பத்திரண்டில் முழங்கால் போனதும் வெள்ளைத் தாடி ஒட்டிக்கொண்டு குருநாதர் ஆனேன். படம் ஆரம்பித்த கால் மணி நேரத்தில் வில்லன் என்னைக் கொன்றுவிடுவான். மீதி நேரம் கதாநாயகன் என் படத்துக்கு ஊதுபத்தி ஏற்றிவிட்டுப் பழிவாங்குவான். இப்படி நாற்பத்தொரு முறை செத்து, நாற்பத்தொரு முறையும் எழுந்து காமிராவைப் பார்த்துச் சிரித்திருக்கிறேன். அந்தச் சிரிப்பு பிலிமில் பதிந்தால்தான் செத்தவன் திரும்பி வந்ததாக அர்த்தம். இதையெல்லாம் நம்பாத இயக்குநர்கூட இதை எடுக்காமல் விட்டதில்லை.

போன மாதம் இருபத்தாறாம் தேதி நாற்பத்திரண்டாவது சாவு. விஷம். நன்றாகவே செத்தேன். எழுந்து சிரித்தால், ஒளிப்பதிவாளன் குவோக் காமிராவைக் கழற்றிக்கொண்டிருக்கிறான்.

"பிலிம் தீந்துபோச்சு அண்ணே. சிரிப்பை நாளைக்கு எடுத்துக்கலாம்."

"நாளைக்கு வரைக்கும் நான் யாருடா?"

சாவு நடித்தவனுக்குத் தோஷம் கழியக் காசு வைத்துக் கொடுக்கும் வழக்கமான சிவப்பு உறையை இயக்குநர் பூன் என் கையில் திணித்தார். "அதான் உறை வாங்கியாச்சுல்ல. போய் சூப் குடிச்சிட்டுப் படுங்கண்ணே."

மறுநாள் காலை காமிராவும் குவோக்கும் தைவானுக்குக் கப்பலேறிவிட்டார்கள்.

அன்றிலிருந்து நடப்பதைச் சொல்கிறேன், நீயே முடிவு செய். தேநீர்க் கடையில் பரிமாறுகிறவன் மூன்று முறை என் மேசையைக் கடந்து போனான், நான் கூப்பிட்டது அவன் காதில் விழவே இல்லை. நாலாவது முறை கொண்டுவந்து வைத்த சோற்றில் சாப்பிடும் குச்சிகள் செங்குத்தாகக் குத்தி நின்றன, அது செத்தவர்களுக்குப் படைக்கிற முறை என்று உனக்குச் சொல்ல வேண்டியதில்லை. மினிபஸ் நிற்கவில்லை, அது எப்போதும் நிற்காது என்பதால் சேர்க்காமல் விடுகிறேன். ஸ்டூடியோவுக்குப் போனால் என் படத்துக்கு வெள்ளைத் துணி கட்டி ஆரஞ்சுப் பழம் வைத்திருந்தார்கள், பக்கத்தில் நின்று பார்த்தேன், ஊதுபத்தியோடு வந்த துணை நடிகை படத்தைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள், தட்டைப் போட்டுவிட்டு ஓடிவிட்டாள். ஏழாம் நாள் ஆவி வீடு திரும்பும் என்பார்களே, அன்று நான் வீட்டுக்குள்ளேயே போகவில்லை, போனால் ஆவிதான் வந்தது என்று ஆகிவிடுமே என்று சாயங்காலம் வரை மாடிப்படியில் உட்கார்ந்திருந்தேன். யுக்-கிங் குப்பைக் கூடையோடு வந்தாள்.

"உள்ள வர்றதுன்னா வாங்க. இல்லேன்னா இதையாவது கீழ கொண்டுபோய்க் கொட்டுங்க."

"நான் செத்தவன்டி."

"செத்தவருக்கு நேத்து எதுக்கு மூணு கிண்ணம் கஞ்சி?"

என் மனைவிக்குப் பயம் என்பதே கிடையாது. அவள் பங்கையும் சேர்த்து நான்தான் பயப்பட வேண்டியிருக்கிறது.

விஷயத்துக்கு வருகிறேன். இருபத்திரண்டாம் தேதி சீ-மான் கல்யாணம். அவள் மண்டியிட்டு நீட்டும் தேநீரைத் தாய்மாமன் வாங்கிக் குடித்தாக வேண்டும். சாவுத் தீட்டு கழியாதவன் கையில் அவள் அதைக் கொடுத்தால் என்ன ஆகும்? எனக்கு என்ன ஆனாலும் ஆகட்டும், குழந்தைக்கு ஒன்றும் வரக்கூடாது. குவோக் பன்னிரண்டாம் தேதி திரும்புகிறானாம். சிரிப்பு பதிந்தால் படகேறி வருகிறேன். பதியாவிட்டால் என் நாற்காலியைக் காலியாக விட்டுவிடு. தயவுசெய்து அதில் என் படத்தை வைத்துவிடாதே.

மணமக்கள் நூறாண்டு ஒற்றுமையாக வாழவும், அத்தானின் இடுப்புவலி தீரவும் வேண்டிக்கொள்ளும், அநேகமாக உயிரோடு இருக்கும்

உன் தம்பி
ஹோய்-சுன்

பி.கு.: நான் போட்டால் கடிதம் போய்ச் சேருமா என்ற சந்தேகத்தில் இது ஒன்பது நாளாகச் சட்டைப்பையிலேயே இருந்துவிட்டது. குவோக் வந்துவிட்டான். நேற்று முன்தினம் அதே தாடி, அதே உடை, அதே தரை. படுத்து எழுந்து அரை நிமிடம் மனம்விட்டுச் சிரித்தேன். தீட்டுப் போயிற்று, வருகிறேன். ஆனால் படத்தொகுப்பாளர் அந்தச் சிரிப்பை என் சாவுக்கு நேர் பின்னால் ஒட்டித் தொலைத்துவிட்டார். போட்டுப் பார்த்த பூன் வெளிறிப்போய் வந்தார். "செத்தவரு எழுந்து சிரிக்கிறீங்க, எனக்கே முதுகு சில்லிட்டுப் போச்சுண்ணே. இனிமே இது பேய்ப் படம்." அடுத்து இன்னும் மூன்று பேய்ப் படங்களாம். எதிலும் நான் சாக வேண்டியதில்லை, முதல் காட்சியிலேயே செத்தவன். "கடைசியில என் சிரிப்பை எடுப்பீங்கல்ல?" என்று கேட்டேன். "படம் பூரா அதைத்தானேண்ணே எடுக்கப்போறோம்" என்றார். ஆகையால் அக்கா, வருகிறேன், தேநீர் குடிக்கிறேன், வாழ்த்துகிறேன். கல்யாண போட்டோவில் மட்டும் என்னைச் சிரிக்கச் சொல்லாதே.