உனக்கு வந்ததெல்லாம் ஓர் இழுப்பா?

வலியிலும் முதல் பரிசை விட்டுக்கொடுக்காத ஓர் இனம் உண்டு. உங்களுக்குத் தலைவலி என்றால் அவர்களுக்கு மண்டையே பிளந்திருக்கும்; நீங்கள் மூன்று தையல் என்றால் அவர்கள் முப்பது என்பார்கள், அதுவும் மயக்க மருந்து இல்லாமல். இவர்களை ஆற அமரப் பார்க்க வேண்டுமா? முட்டி மாற்றியவர்கள் படுத்திருக்கும் வார்டுக்குப் போங்கள்.

தென்கொரியாவின் மொக்போ நகரில் அப்படியொரு ஆறு கட்டில் வார்டு. ஜன்னலோரம் தாக் ஓக்-பூன் அம்மாள், வயது எழுபத்திரண்டு, முப்பது வருடம் சந்தையில் திருக்கை மீன் விற்று முட்டியைத் தேய்த்தவர். புது முட்டி சொன்னபடி கேட்டது. ராத்திரியில்தான் தகராறு. கண் அயரும் நேரம் பார்த்துத் தொடைச் சதை துள்ளும், கெண்டைக்கால் கல்லாக இறுகும். இந்த இழுப்பு எல்லாருக்கும் வருவதுதான் என்று நர்ஸ் சொன்னதைத்தான் அம்மாளால் தாங்க முடியவில்லை.

காலைக் கஞ்சியோடு மாநாடு கூடிவிடும்.

"நேத்து எனக்கு ரெண்டு தரம் இழுத்துச்சுக்கா," என்றார் எதிர்க் கட்டில் பியோ அம்மாள்.

"ரெண்டுதானா? குடுத்து வச்சவ. எனக்குப் போர்வையே பறந்து போய் விழுந்துச்சு."

"எனக்குக் கட்டில் நகர்ந்துச்சு."

"சக்கரம் வச்ச கட்டில் நகராம என்ன பண்ணும்?"

உண்மையில், தூங்குமுன் பாதத்தை நீட்டி மடக்கிப் பழகியதில், நாலு ராத்திரியாக அம்மாளின் கால் அசையவே இல்லை. அதற்காகப் பதவியை விடுவதா? பதினேழு தரம் என்றார். மறுநாள் இருபத்துமூன்று. நர்ஸும் பொறுப்பாக எழுதிக்கொண்டார்.

வெள்ளிக்கிழமை கஞ்சி வேளையில் டாக்டர் வந்து அந்தத் தாளைப் பார்த்தார். "இவ்வளவு இழுத்தா எப்படிம்மா அனுப்பறது? இன்னும் பத்து நாள் இருங்க."

ஞாயிற்றுக்கிழமை வீட்டில் குளிர்காலத்துக்கான கோசு ஊறுகாய், அதாவது கிம்ச்சி, போடும் நாள். நூறு கோசு, அதற்கு உயிர் கொடுக்க உப்பில் புளித்த மீன் ஊறல். டாக்டர் மற்ற கட்டில்களைப் பார்ப்பதற்குள் அம்மாள் வீட்டுக்குப் போன் போட்டார். விஷயம் கேட்ட மருமகள் ஆறுதல் சொன்னாள்: "நீங்க நிம்மதியா படுங்க அத்தை. மசாலாவை நானே கலந்துடறேன். மீன் ஊறலைக் குறைச்சு, சியோல்காரங்க மாதிரி சப்புனு போடலாம்னு பாக்கறேன்."

முட்டியை அறுத்தபோதுகூட அஞ்சாத அம்மாள் இப்போது அஞ்சினார். வாசல்வரை போய்விட்ட டாக்டரைக் கூப்பிட்டார்.

"டாக்டர், அந்தக் கணக்கு கொஞ்சம் கூடப் போயிடுச்சு."

"எவ்வளவு கூட?"

ஐந்து கட்டிலிலும் கரண்டிகள் நின்றன.

"இருபத்துமூணு."

பியோ அம்மாள் போர்வைக்குள் புகுந்துகொண்டார். போர்வை வெகுநேரம் குலுங்கியது. டாக்டர் காலை மடக்கிப் பார்த்து, உதட்டைக் கடித்துக்கொண்டே வீட்டுக்கு அனுப்பும் தாளில் கையெழுத்துப் போட்டார்.

ஞாயிறன்று அம்மாள் நாற்காலியில் அமர்ந்தபடி மீன் ஊறலைத் தன் கையாலேயே ஊற்றினார். அன்றிரவு வந்தது பாருங்கள், நிஜ இழுப்பு. கால் தானாக எகிறி, பக்கத்தில் குறட்டை விட்டுக்கொண்டிருந்த கணவரின் விலாவில் இறங்கியது. மனிதர் புரண்டு படுத்தாரே தவிர விழிக்கவில்லை. இப்பேர்ப்பட்ட இழுப்புக்குச் சாட்சி இல்லையே என்றுதான் அம்மாளுக்கு அழுகை வந்தது.

விடிந்ததும் பியோ அம்மாளுக்குப் போன் போட்டார். "நேத்து நிஜமாவே வந்துச்சுடி."

"எத்தனை தரம்க்கா?"

"ஒண்ணு." வாழ்க்கையில் முதல் தடவை சரியான கணக்கு.

"ஒண்ணுதானா? எனக்கு முப்பது."

சிரியுங்கள், பரவாயில்லை. ஆனால் இதைப் படிக்கும்போதே, 'இதெல்லாம் ஒரு வலியா, போன வருஷம் எனக்கு இடுப்பு பிடிச்சப்போ' என்று சொல்ல உங்கள் நாக்கு ஒரு துள்ளு துள்ளியதா, இல்லையா?