இரண்டு பஞ்சாங்கமும் ஒரு தலைவாசல் கதவும்

குடிபாலா,
கார்த்திகை மாதம்.

குவைத் தேசத்தில் ஏசி காற்றில் இருந்தாலும் பெற்றவளை மறக்காத என் மகள் சௌபாக்கியவதி பத்மினிக்கு, தலைவாசலில் கதவு மாட்டிய சொந்த வீட்டிலிருந்து உன் அம்மா கன்னியம்மாள் ஆசீர்வாதம் செய்து எழுதுவது. இங்கே நான் சுகம், உன் பெண் பிரியங்கா சுகம், ஆட்டுக்கு மட்டும் வயிறு சரியில்லை, காரணம் பின்னால் வரும். உன் சுகத்துக்கும் மாப்பிள்ளை சுகத்துக்கும் பதில் போடவும்.

ஆமாம், கதவு மாட்டியாகிவிட்டது. நீ சரியாகத்தான் படித்தாய். "தைக்கு நான் வரும்போது வாசல்ல கதவு இல்லன்னா ஏர்போர்ட்லேயே திரும்பிப் பூடுவேன், ஆமா" என்று போனில் கத்தினாயே, அது இன்னும் என் காதில் இருக்கிறது. நீ அனுப்பிய பணத்தில் சுவர் எழும்பி, கூரை போட்டு, கதவும் செய்து வந்த பிறகு, அதை மாட்டாமல் வாசலில் உன் பழைய சேலையைத் தொங்கவிட்டு நான் காலம் தள்ளியது உனக்குக் கோபம்தான். அது எப்படி நடந்தது, எப்படி முடிந்தது என்று போனில் சொன்னால் கார்டு தீர்ந்துபோகும். அதனால் எழுதுகிறேன்.

முதலில் உன் பெண்ணின் பெருமை. சித்தூர் காலேஜில் கம்ப்யூட்டர் பாடத்தில் அவள்தான் கெட்டி. ஆனால் எழுதிக் கொடுக்க வேண்டியதை மட்டும் நாளைக்கு, நாளைக்கு என்று விட்டுவிடுகிறாள், புத்தகத்தைத் திறந்தால் மனசு புறா மாதிரி கூரைக்குப் போய்விடுகிறது என்று லெக்சரர் அம்மாவே சொல்லி வேலூரில் ஒரு டாக்டரிடம் அனுப்பினார்கள். நானும் பஸ் ஏறிப் போனேன். சின்ன வயசு டாக்டரம்மா, தங்கமான பெண். "பாட்டி, இது சோம்பேறித்தனம் இல்ல. இவங்க மூளை வேலை செய்யற விதமே அப்படி. ஏ.டி.ஹெச்.டி.ன்னு பேரு" என்றாள். பக்கத்து வீட்டு தாட்சாயணியின் மகன் எம்.ஏ., வெறும் ரெண்டெழுத்து; அதற்கே தெருவில் அவள் நடக்கிற நடையைப் பார்க்க வேண்டும். நம் பெண்ணுக்கு நாலெழுத்து! பஸ்ஸை விட்டு இறங்கியதும் அவளிடம்தான் முதலில் சொன்னேன்.

டாக்டரம்மா இன்னொன்றும் கேட்டாள். "இது குடும்பத்துல வர்றதுதான். வீட்டுல வேற யாருக்காவது இப்படி இருக்கா?" "எங்க பக்கம் கெடயாதும்மா, எல்லாம் அவங்க நைனா பக்கம்" என்றேன். பிரியங்கா என்னைப் பார்த்தாள். டாக்டரம்மா என் காலைப் பார்த்தாள். ஒரு காலில் என் செருப்பு, இன்னொரு காலில் தாட்சாயணி செருப்பு. அவசரமாகக் கிளம்பினால் யாருக்கும் நடப்பதுதானே.

கதவு விஷயத்துக்கு வருகிறேன். தலைவாசல் கதவை நாள் பார்க்காமல் மாட்ட முடியுமா? நம் ஊரோ தமிழும் தெலுங்கும் கலந்த ஊர். நான் தமிழ்க்காரி, கதவு செய்த ரமணா ஆசாரி தெலுங்குக்காரர், ஆகவே இரண்டு பஞ்சாங்கமும் வீட்டில் உண்டு. ஆனி பிறந்ததும் மாட்டலாம் என்றால் தெலுங்கில் ஆஷாட மாசம் வந்துவிட்டது, ஆகாது. அது போனதும் நமக்கு ஆடி. ஆவணியில் நல்ல நாள் இருந்தது, அன்றைக்கு ஆசாரிக்குக் கல்யாண வீட்டு வேலை. புரட்டாசி ஆகாது. மார்கழி ஆகவே ஆகாது. தை நமக்குத் தங்கமான மாசம், அவர்களுக்கோ அதில் பாதி புஷ்ய மாசம், ஆகாது. ஒரே பஞ்சாங்கத்தை வைத்துக்கொண்டு பிழைக்கிற ஜனங்கள் எப்படித்தான் ஒரு வேலையை யோசித்துச் செய்கிறார்களோ தெரியவில்லை.

கடைசியில் இது ஆசாரியின் குற்றம்தான் என்று முடிவு செய்து, காணிப்பாக்கத்துக்கு இழுத்துப் போனேன். அந்தப் பிள்ளையார் முன்னால் பொய்ச் சத்தியம் செய்தவன் உருப்பட்டதில்லை என்று உனக்கே தெரியும். அங்கே போக நாள் பார்த்ததில் ஐப்பசி கழிந்தது வேறு விஷயம். ஆசாரி குளத்தில் முழுகி, ஈர வேட்டியோடு கை நீட்டினார். "நேனு சத்தியம் பண்றேம்மா, சொன்ன நாள்ல வரேன்னு. ஆனா நீயும் முழுகு. நான் உளியோட வந்தப்பல்லாம் 'இன்னிக்கு வாணாம், ரேப்பு ரா, நாளைக்கு வா'ன்னு நீ சொல்லவே இல்லன்னு சத்தியம் பண்ணு." குளத்துப் படியில் கால் வைத்தேன். தண்ணீர் ஐஸ் மாதிரி இருந்தது. எனக்குச் சளி பிடித்தால் பிரியங்காவை யார் பார்ப்பது? தேங்காய் உடைத்துவிட்டுத் திரும்பினோம். பாதித் தேங்காயை ஆசாரியே துன்னு தீர்த்தார்.

திரும்பும் பஸ்ஸில், கூட வந்திருந்த பிரியங்கா சொன்னாள்: "ஆயா, நீ கதவ மாட்டவே வாணாம். கீழ கெடக்குற கதவு மேல காயப் போட்டுக்கிற வேர்க்கடலைய மட்டும் நாளைக்கு அள்ளு. பெரிய வேலையா பாத்தா மலைப்பா இருக்கும், சின்னதா கிள்ளிக்கணும்னு டாக்டரம்மா சொன்னாங்கல்ல."

சரி என்று மறுநாள் கடலை அள்ளக் கோணி எடுக்கப் போனேன், கோணியில் ஓட்டை, தைக்க ஊசி தேடினேன், ஊசிப் பெட்டியில் நீ ரெட்டைச் சடை போட்ட போட்டோ கிடைத்தது, அதைக் காட்டத் தாட்சாயணி வீட்டுக்குப் போனேன், அவள் முறுக்கு சுட்டுக்கினு இருந்தாள், பாவம் ஒண்டியாக எப்படிச் சுடுவாள் என்று நானும் உட்கார்ந்து பிழிந்தேன், பொழுது சாய வந்து பார்த்தால் கதவின் மேல் கடலை பாதிதான் இருந்தது, பக்கத்தில் ஆடு படுத்திருந்தது. ஆட்டு வயிறு கதை இதுதான்.

பிரியங்கா திட்டவில்லை. அடுத்த நாள் இரண்டு பஞ்சாங்கத்தையும் எங்கேயோ ஒளித்துவிட்டு, ஆசாரியையும் வரவழைத்து, காலேஜ் புத்தகத்தோடு வாசலில் சப்பணம் போட்டு உட்கார்ந்தாள். "நான் உனக்கு ஒத்தாசை பண்ண மாட்டேன் ஆயா. சும்மா பக்கத்துல உக்காந்துகினு என் வேலைய பாப்பேன், நீ உன் வேலைய பாரு. பக்கத்துல ஆள் இருந்தா மனசு ஓடாதுன்னு டாக்டரம்மா சொன்னாங்க. குக்கர் விசில் வர்ற வரைக்கும் யாரும் எழுந்திரிக்கக் கூடாது."

"இதேம் இஸ்கூலா?" என்றார் ஆசாரி. ஆனாலும் உட்கார்ந்தார்.

அடுப்பில் பருப்பு வைத்துவிட்டு வந்தேன். கடலையை அள்ளினேன். எழுந்து போகலாம் போலிருந்தது, விசில் வரவில்லை. கதவைத் துடைத்து எண்ணெய் தடவினேன். விசில் வரவில்லை. ஆசாரி கீல் அடித்து, இழைத்து, தூக்கி நிறுத்தினார். உன் பெண் தலை நிமிராமல் பக்கம் பக்கமாக எழுதித் தள்ளினாள். விசில் மட்டும் வரவில்லை. கதவைத் திறந்தேன், மூடினேன், மறுபடி திறந்தேன், எதிரே தாட்சாயணி நின்றாள். "இன்னாக்கா, உங்க வூட்டுல இன்னா தீயுது?"

பருப்பு கரியாகியிருந்தது. குக்கர் மேல் போடுகிற வெயிட் என் இடுப்புச் சேலையில் செருகியிருந்தது. வேலை முடிய வேண்டும் என்று நான் வேண்டுமென்றேதான் செருகினேன் என்று ஊரில் சொல்லியிருக்கிறேன். நீயும் அப்படியே சொல்.

பிறகு பஞ்சாங்கத்தைக் கண்டுபிடித்துப் பார்த்தேன். கதவு மாட்டிய நேரம் தமிழில் ஆகாது, தெலுங்கில் அமிர்தம். கதவுக்குத் தெலுங்குதான் சரி.

இனி பாக்கி பூட்டு ஒன்றுதான். சித்தூருக்குப் போகும்போதெல்லாம் மறந்து போகிறது என்று நினைத்துவிடாதே, வெளிநாட்டுப் பூட்டுக்கு மதிப்பே வேறு. வரும்போது மறக்காமல் ஒன்று வாங்கிக்கினு வா. மாப்பிள்ளைக்கு என் ஆசி. காணிப்பாக்கத்துப் பிள்ளையார் உங்கள் இருவரையும் நிழலாக இருந்து காக்கட்டும். இந்தக் கடிதத்தை நாளைக்கே தபாலில் சேர்த்துவிடுவேன்.

இப்படிக்கு,
உன் அம்மா
கன்னியம்மாள்

பி.கு: இப்போது தை மாதம். நீ வந்து, வீட்டில் பாலும் பொங்கிவிட்டது. இந்தக் கடிதம் அரிசிப் பானைக்குப் பின்னால் பாதியில் கிடந்ததைப் பிரியங்கா பார்த்துவிட்டு, "முடிச்சிடு ஆயா, அம்மா சும்மா பக்கத்துல உக்காந்துக்குவாங்க" என்றாள். நீ எதிரில் மொச்சை உரித்துக்கினு இருக்கிறாய். கடலை அள்ளியதிலிருந்து பாக்கியை எல்லாம், கார்த்திகையில் எழுத நினைத்தபடியே, ஒரே மூச்சில் எழுதிவிட்டேன், டாக்டரம்மா சொன்னது நிஜம்தான். பூட்டு நீ கொண்டுவரவில்லை, உன் மேல் தப்பில்லை, கடிதம்தான் தபாலுக்கே போகவில்லையே. ஆனால் பூட்டு இல்லாத வீட்டில் எந்நேரமும் ஒரு ஆள் இருக்க வேண்டும் இல்லையா? நீ திரும்பிப் போக டிக்கெட் போட்ட நாளைப் பார்த்தேன். தமிழில் சூலம், தெலுங்கில் வர்ஜ்யம், இரண்டிலும் ஆகாது. அடுத்த வாரமும் சரியில்லை. பூட்டு வாங்கச் சித்தூருக்கு நான் நாளைக்குப் போகிறேன்.