நூற்று முப்பத்தெட்டு பழுதான பட்டாணிகள்

என் அன்பு மகளுக்கு, அப்பா எழுதுவது. இங்கே நானும் அம்மாவும் நலம். அந்தப் பயிற்சி முகாமில் வேளாவேளைக்குச் சாப்பாடு போடுகிறார்களா என்று எழுதவும். போனில் சொன்னால் நீ குறுக்கே பேசுவாய், அதனால்தான் கடிதம்.

கிளம்பும்போது பட்டாணி டப்பாவை என் கையில் கொடுத்து, "அப்பா, இதுல உருண்டை எத்தனை, சுருங்கினது எத்தனைன்னு எண்ணி, இந்தப் படிவத்துல எழுதி எங்க பேராசிரியர்கிட்ட கொடுத்துடுங்க, என் ஆய்வேடே இதுலதான் நிக்குது" என்று சொன்னாய் அல்லவா. சட்டைப் பொத்தான் தொழிற்சாலையில் முப்பத்து நான்கு வருஷம் தரம் பார்த்தவனிடம் கொடுத்தாய், சரியான ஆளிடம்தான் கொடுத்தாய். சாப்பாட்டு மேசையில் வெள்ளைத் துணி விரித்து, பழைய லென்ஸைக் கண்ணில் மாட்டிக்கொண்டு உட்கார்ந்தேன், இரண்டு நாள் அம்மா தட்டை மடியில் வைத்துத்தான் சாப்பிட்டாள். மொத்தம் 561. நல்லது 423, பழுது 138. குறிப்பேட்டில் எழுதி முடித்து, நம்பாமல் இன்னொரு தடவை எண்ணினேன், அதே கணக்கு. நாலில் ஒன்று பழுது. எங்கள் தொழிற்சாலையில் நூற்றுக்கு இரண்டு போனாலே மேலாளர் கூப்பிட்டு நிற்கவைத்துக் கேட்பார். மூன்று வருஷம் நீ கண்ணும் கருத்துமாக வளர்த்த செடி இப்படிக் காலை வாரிவிட்டதே, இந்தக் கணக்கைக் கொடுத்தால் உன்னை வீட்டுக்கு அனுப்பிவிடுவார்களே என்று ராத்திரியெல்லாம் யோசித்தேன்.

ஆனால் உன் அப்பன் சும்மா இருப்பவனா. "அவகிட்ட ஒரு வார்த்தை கேட்டுக்குங்க" என்று அம்மா சொன்னாள். கேட்டால் உனக்குப் படபடப்பு வரும் என்று நான் கேட்கவில்லை. காலையில் அந்த 138-ஐ மட்டும் வெதுவெதுப்பான தண்ணீரில் போட்டேன், சாயங்காலம் பார்த்தால் ஒவ்வொன்றும் கன்னம் உப்பி, சுருக்கம் போன இடம் தெரியவில்லை. பொத்தானில் இப்படி ஒரு வசதி இருந்திருந்தால் நான் மேலாளராகவே ஓய்வு பெற்றிருப்பேன். உடனே படிவத்தில் உருண்டை 561, சுருங்கினது 0 என்று எழுதி, மறுநாள் பேராசிரியரிடம் நேரிலேயே கொடுத்தேன். பேராசிரியரம்மா படித்தார், கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார், மறுபடி படித்தார்.

"ஒண்ணுகூட சுருங்கலையா சார்?"

"என் கண்ணுக்குத் தப்பாதும்மா."

"இது எப்படிங்க நடக்கும்?"

"வளர்ப்பு அப்படி" என்றேன். உன் ஆய்வேட்டை முதலிலிருந்து மறுபடி படிக்கப் போகிறாராம், ஒரு தடவை படித்து ஆசை தீரவில்லை போலிருக்கிறது. நீ வந்ததும் தனியாகப் பேச வேண்டும் என்றும் சொன்னார். இனி கவலையில்லை, பட்டம் உன் கையில்.

உடம்பைப் பார்த்துக்கொள். உன் அறைத் தோழியையும் விசாரித்ததாகச் சொல். நீ எல்லாச் சிறப்பும் பெற்று நன்றாக இருக்க வேண்டும்.

இப்படிக்கு,
உன் அப்பா
(தரம் பார்த்தாயிற்று: தேர்ச்சி)

பி.கு.: உறையை ஒட்டும்போது அம்மா வாங்கிப் படித்தாள். படித்துவிட்டுக் கடிதத்தை மேசைமேல் வைத்தாள். "உருண்டையையும் சுருங்கினதையும் கலந்து வளர்த்த வம்சங்க இது. பேரப்பிள்ளைத் தலைமுறையில நாலுல ஒண்ணு சுருங்கித்தான் வரணும். அது பழுதில்லை, அவ தேடினதே அதைத்தான். மூணு வருஷமா சாப்பிடும்போதெல்லாம் சொன்னாளே, உங்க காதுல விழவே இல்லையா?" என்றாள். விழவில்லை, மகளே. நீ பேசும்போதெல்லாம் உன் சட்டைப் பொத்தானைத்தான் பார்த்துக்கொண்டிருந்திருக்கிறேன். போனில் சொல்ல எனக்குத் தைரியம் வரவில்லை. நாளைக் காலை கல்லூரி திறக்கும்போதே குறிப்பேட்டோடு பேராசிரியர் அறை வாசலில் நிற்பேன், அதில் 423, 138 அடித்தல் திருத்தல் இல்லாமல் அப்படியே இருக்கிறது. சாட்சிக்கு அந்த 138-ஐயும் கொண்டுபோகிறேன், எல்லாம் காய்ந்து மறுபடி அழகாகச் சுருங்கிவிட்டன. மேலே என் கையெழுத்துக்குக் கீழே இருக்கும் 'தேர்ச்சி'யை அடித்துவிட்டு, என் பழைய தொழிற்சாலைப் பெட்டியிலிருந்த 'பழுது' முத்திரையைக் குத்தியிருக்கிறேன். முப்பத்து நான்கு வருஷத்தில் அதை ஓர் ஆள் மேல் குத்துவது இதுதான் முதல் தடவை.