கருந்துளைச் சாமியின் மெத்தை

வேலம்பாளையத்தில் கந்தப்பனின் பனியன் கம்பெனிக்குக் கருந்துளைச் சாமி எழுந்தருளியிருந்தார். பேக்கிங் செக்‌ஷனில் கால் வைக்க இடமில்லை. ஓனர் கந்தப்பனே வெற்றுடம்போடு முன்னால் நின்றார். ஊருக்கெல்லாம் பனியன் மாட்டியவருக்குப் பக்திக்குப் பனியன் ஆகாதாம்.

மெத்தைமேல் ஒரு கரிய பானை. அதற்குள் கருந்துளையாம். தங்கத்தைத் துணியில் முடிந்து போட்டால், அதோடு நோயையும் விழுங்கிவிடுமாம். தங்கம் எதற்கு என்று கேட்காதீர்கள். கருந்துளைக்குக் கவரிங் செரிக்காது.

"கருந்துளைய வெச்சு விஞ்ஞானிகளே சூடு அளக்கறாங்க. இந்த ஊட்டுப் பொண்ணே அதைத்தான் படிக்குது," என்றார் சாமி.

அந்தப் பொண்ணு, கந்தப்பனின் மகள் தரணி, ஓரமாக நின்றிருந்தாள். வரிசையில் அடுத்தது டெய்லர் நாகஜோதி, சங்கரன்கோவில்காரி. கையில், மகனின் இதய ஆபரேஷனுக்கென்று வைத்திருந்த சங்கிலி.

"ஆபரேசனே வேண்டாம்னு சாமி சொல்லுதாரும்மா," என்றாள்.

தரணி குறுக்கே வந்தாள். "அக்கா, அணுவுக்குள்ள இருக்கறது பயங்கரச் சூட்டுல உருகுனாலும், ஒண்ணையொண்ணு இறுக்கிப் புடிச்சுக்குமுங்க. அந்தக் கணக்கு லேசுல வராது. அதனால காகிதத்துல ஒரு கருந்துளையப் போட்டு, அதோட சூட்டக் கணக்குப் பண்ணி, இதோட சூடுன்னு எடுத்துக்கறோம். துணி வெட்டறதுக்கு அளவு வெக்கற பேட்டர்ன் அட்டை மாதிரிங்க. அட்டைய ஆராச்சும் மாட்டிட்டுப் போவாங்களா?"

தரணி சொன்னது யாருக்கும் புரியவில்லை. சாமி சொன்னதும் புரியவில்லை. ஆனால் சாமியிடம் பானை இருந்தது.

தரணி மேற்கொண்டு வாதாடவில்லை. "சரிங்க்கா, போடுங்க. கூடவே இந்த ஒடஞ்ச ஊசியையும் முடிஞ்சு போடுங்க," என்று ஒரு தையல் மெஷின் ஊசியை நீட்டினாள்.

முடிச்சு விழுந்தது. சாமி பானையைச் சாய்த்துக் காட்டினார். காலி. கூட்டம் கன்னத்தில் போட்டுக்கொண்டது. சாமி மெத்தையைச் சுருட்டினார்.

"அப்பா, இங்கிருந்து எது வெளிய போனாலும் ஒடஞ்ச ஊசி கண்டுபுடிக்கற டிடெக்டர் மெஷின்ல ஓட்டோணும்னு பையர் ரூல் இருக்குதில்லீங்களா?" என்றாள் தரணி.

சாமிக்குப் பயப்படாத ஓனர் உண்டு. பனியன் வாங்கும் வெளிநாட்டு பையருக்குப் பயப்படாத ஓனர் திருப்பூரில் இல்லை. கந்தப்பன் மெஷினைப் போட்டார்.

பானை போனது, சத்தமில்லை. மெத்தை போனது, மெஷின் அலறியது.

"கருந்துளையோட சக்திங்க," என்றார் சாமி.

நாகஜோதி கத்தரியை எடுத்து மெத்தையைக் கிழித்தாள். பஞ்சிலிருந்து அவள் முடிச்சு வந்தது. கூடவே யார் யாருடையதோ நாலு மோதிரம், ஒரு ஜோடித் தோடு. பானையின் அடி வெறும் கறுப்பு அட்டை, தொட்டதும் திறந்தது; அதற்கு நேராக மெத்தையில் ஒரு கிழிசல். சாமி வாசலைப் பார்த்தார். வாசலில் கூட்டம் நின்றது.

"நாளைக்கு லீவு வேணும்ங்கய்யா. ஆஸ்பத்திரில தேதி வாங்கணும்," என்றாள் நாகஜோதி. கந்தப்பன் சட்டையைத் தேடி மாட்டிக்கொண்டே தலையாட்டினார்.

எவனோ ஒரு வெள்ளைக்காரனின் உடம்பில் குத்திவிடக் கூடாதென்று ஒவ்வொரு பனியனையும் மெஷினில் ஓட்டி அனுப்புகிறோம். நம் தலைக்குள் போவதை மட்டும் ஏன் ஐயா சோதிக்காமல் விடுகிறோம்?