ஜூலை பதினான்கில் நான் பேசிய நவம்பர் ஒன்று

மேடையேறி மறந்துபோகிறவனை மன்னித்துவிடலாம். மேடைக்குச் சம்பந்தமில்லாததை வரி பிசகாமல் ஞாபகம் வைத்திருப்பவனை மன்னிக்கவே கூடாது. நான் இரண்டாவது ரகம்.

இருபது வருடங்களுக்கு முன்பு காரைக்காலில் ஒரு டியூஷன் சென்டரில் சரித்திரம் எடுத்துக்கொண்டிருந்தேன். கோட்டுச்சேரியிலிருந்து பஸ் பிடித்து முதல் ஆளாக வந்து, கரும்பலகையில் 'வரலாற்றில் இன்று' எழுதுவேன். மாணவர்கள் யாரும் அதைத் திரும்பிப் பார்த்ததில்லை. கணக்கு எடுத்த ரோஸ்லின் மட்டும் தினமும் நின்று படிப்பாள். (அவளுக்காகத்தான் எழுதினேன் என்று தனியாக வேறு சொல்ல வேண்டுமா?) அவள் லீவு போட்ட நாட்களில் உலக வரலாற்றில் எதுவுமே நடக்கவில்லை.

அவளுடைய அப்பா பிரெஞ்சு ராணுவத்தில் இருந்து ஓய்வு பெற்றவர். குடும்பமே பிரெஞ்சுக் குடியுரிமைக்காரர்கள். எல்லோரையும் கூட்டிக்கொண்டு பிரான்சுக்குப் போய்விடலாமா, இல்லை இங்கேயே மகளுக்கு மாப்பிள்ளை பார்க்கலாமா என்று அவர் இரண்டு மனதாக இருந்த நேரம் அது. பெண் கேட்டு வருகிற பையன்கள் எல்லாம் விசாவுக்குத்தான் வருகிறார்கள் என்பது அவருடைய அசைக்க முடியாத நம்பிக்கை.

ஜூலை பதினான்கு, பிரெஞ்சு தேசிய நாள். அன்று கொடியேற்றிவிட்டு, ஊரிலுள்ள பழைய சிப்பாய்கள் அவர் வீட்டில் மதியம் சாப்பிடுவது வழக்கம்.

"அப்பாகிட்ட ஒங்களப் பத்திச் சொல்லி வச்சிருக்கேங்க. அன்னிக்கு வந்து அஞ்சு நிமிஷம் பேசுங்க. நல்லா பேசிட்டீங்கன்னா நம்ம விஷயத்த நானே ஆரம்பிச்சிர்றேன்" என்றாள் ரோஸ்லின்.

நம்ம விஷயம்! ஒரு வாரம் எனக்குச் சோறு இறங்கவில்லை. பாஸ்டில் சிறையைப் பாரிஸ் மக்கள் உடைத்த கதையைக் கண்ணாடி முன்னால் நின்று மனப்பாடம் செய்தேன். ஆரம்ப வரிக்கு மட்டும் சோம்பேறித்தனம். காரைக்காலை விட்டுப் பிரெஞ்சு ஆட்சி போன நவம்பர் ஒன்றைப் பற்றிப் பேசிப் பள்ளிக்கூடத்தில் கோப்பை வாங்கியிருந்தேன். அந்தப் பேச்சின் முதல் வரியை அப்படியே எடுத்து வைத்துக்கொண்டேன். இரண்டுமே விடுதலைதானே, யாருக்குத் தெரியப்போகிறது?

சாப்பாட்டு மேசையைச் சுற்றிப் பெரியவர்கள் சட்டையில் மெடல் குத்திக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். ரோஸ்லின் நீலச் சேலையில் கதவோரம் நின்றாள். "அடிமை விலங்கு நொறுங்கிய இந்தப் பொன்னாளில்..." என்று ஆரம்பித்தேன். அவள் என்னைப் பார்த்துச் சிரித்தாள். அவ்வளவுதான், பாஸ்டில் சுத்தமாக மறந்துபோனது. வாய் மட்டும் பழக்கப்பட்ட மாடு மாதிரி பழைய தடத்திலேயே போனது.

"எங்கள் மண்ணைச் சுரண்டிய பிரெஞ்சு ஏகாதிபத்தியமே! மூட்டையைக் கட்டு! கப்பலில் ஏறு!" என்று மேசையில் ஓங்கிக் குத்தினேன். பள்ளிக்கூடத்தில் அந்த இடத்தில்தான் கைதட்டல் வரும். இங்கே யாருடைய கரண்டியோ கீழே விழுந்தது. அப்போதாவது நிறுத்தியிருக்கலாம். மனப்பாடம் செய்தவனுக்கு நடுவில் இறங்கத் தெரியாது. நன்றி, வணக்கம் வரை சொல்லிவிட்டுத்தான் உட்கார்ந்தேன்.

ரோஸ்லினின் அப்பா நிதானமாக வாயைத் துடைத்துக்கொண்டார்.

"நல்லா பேசுனீங்க தம்பி. நாங்க எப்ப கெளம்பணும்? பிரியாணிய சாப்புட்டுட்டுப் போலாமா, இல்ல இப்பவேவா?"

வீடே சிரித்தது. ரோஸ்லின் மட்டும் சிரிக்கவில்லை. வாசல் வரை வந்து, "ஒண்ணு நல்லதாப் போச்சுங்க. நீங்க விசாவுக்கு வரலன்னு அப்பாவுக்குத் தெரிஞ்சிருச்சு" என்றாள். அவள் கண் கலங்கியிருந்தது.

மறுநாளே போய் மன்னிப்புக் கேட்டிருக்க வேண்டும். மூன்று முறை அவள் தெருமுனை வரை போய்விட்டு, வெட்கத்தில் அப்படியே பஸ் ஏறித் திரும்பிவிட்டேன். அவர் சிரித்ததைப் பார்த்தால், போயிருந்தால் உட்காரச் சொல்லியிருப்பார் என்று இப்போது தோன்றுகிறது. அவளும் காத்திருந்திருப்பாள். கிறிஸ்துமஸுக்குள் குடும்பமாக நாலு பேரும் பிரான்சுக்குப் போய்விட்டார்கள்.

இந்தக் கதையை என் மனைவியிடம் நானே உளறியது என் இரண்டாவது தவறு. போன வாரம் என் மகள் பாடப்புத்தகமும் கையுமாக வந்து, "அப்பா, காரைக்கால விட்டு பிரெஞ்சுக்காரங்க எப்ப போனாங்க?" என்று கேட்டாள்.

அடுப்படியிலிருந்து பதில் வந்தது: "பாதிப் பேரு அம்பத்தி நாலுலயே போயிட்டாங்கடி. மிச்சப் பேர ஒங்கப்பாதான் பேசியே அனுப்பி வச்சாரு."

நானும் சேர்ந்து சிரித்தேன். மிச்சப் பேர் என்றால் மொத்தமே நாலு பேர்தான். அதில் மூன்று பேர் போனதில் எனக்கு வருத்தமில்லை.