நாலாவது நகர்வு பற்றிய நடுநிலை ஆய்வு

தோற்றவரே தலைமையேற்று, தாம் தோற்ற ஆட்டத்தை மூன்று கூட்டம் போட்டு ஆராய்ந்த பெருமை, உலகிலேயே நாஞ்சில் அறிவுச்சுடர் சதுரங்கக் கழகத்துக்கு மட்டுமே உண்டு.

குளச்சல் செல்போன் கடையில் வேலை பார்க்கும் ஜாஸ்பின், கழகப் போட்டியின் இறுதி ஆட்டத்தில் தலைவர் நாராயணபெருமாளை இருபத்திரண்டே நகர்வில் மடக்கிவிட்டாள். ஜெயித்தவருக்கு மாநிலப் போட்டி. ஆனால் அவள் ஆட்டத்தைத் தொடங்கிய முறை, அதாவது 'ஓப்பனிங்', தலைவரின் புத்தகத்தில் இல்லை. உடனே 'நடுநிலை ஆய்வுக் குழு' பிறந்தது. ஜாஸ்பின் மூன்று நாள் சம்பளமில்லா லீவு போட்டு, பஸ் ஏறி வந்தாள். ஜெயித்ததை ஜெயித்ததென்று சொல்ல இவ்வளவு நேரமா ஆகுமென்று அவளுக்குப் புரியவில்லை.

"நாலாவது நகர்வுல ஓரத்துச் சிப்பாயை எதுக்கு மக்கா தள்ளின?" என்றார் தலைவர்.

"உங்க பிஷப் அங்கன வந்து உக்காரப் பாத்துது சார். விடப்படாதுன்னு தள்ளுனேன்."

"'விடப்படாது'ங்கது எந்த மேதையோட கோட்பாடு?"

"எங்க அம்மைக்க கோட்பாடு சார். சந்தையில பக்கத்து மீன்கூடை நம்ம இடத்துல கேறாம இருக்க, ஓரத்துல ஒரு பெட்டியப் போட்டு வைப்பாவ."

குழு திகைத்தது. யார் எது சொன்னாலும் எழுதிவிடும் உத்தமரான செயலாளர் இஞ்ஞாசி, மினிட்ஸ் நோட்டில் எழுதினார்: 'கோட்பாடு: மீன். ஆதாரம்: அம்மை.'

மூன்றாம் கூட்டத்தில் நாற்பத்திரண்டு பக்க அறிக்கை வாசிக்கப்பட்டது. முடிவு: வெற்றி செல்லும், ஓப்பனிங் செல்லாது.

"அப்போ மாநிலப் போட்டிக்கு என் பேரை அனுப்பியாச்சா சார்?"

"நேத்தோட கடைசி நாள் முடிஞ்சுல்லா. ஆய்வுல கெடக்க ஆளை எப்பிடி அனுப்ப? கழக மானத்தை நெனச்சு, என் மருமவன் மகேஷ்குமார் பேரை அனுப்பிட்டேன்."

"அவரு இந்தப் போட்டியில ஒரு ஆட்டம்கூட ஆடல்லியே சார்!"

"அதான் மக்கா விசேஷம்! எவ்வளவோ ஆராய்ஞ்சு பாத்தாச்சு. அவன் ஆட்டத்துல ஒரு பிழைகூடக் கண்டுபிடிக்க முடியல்ல."

உறுப்பினர்கள் எல்லாரும் கைதட்டினார்கள். ஜாஸ்பின் எழுந்தாள்.

"இதுக்குப் பேரு செஸ் இல்ல சார். களவு."

இஞ்ஞாசி தலை நிமிராமல் எழுதினார்: 'பொருள் ஆறு: களவு. ஒருமனதாக நிறைவேறியது.'