ஊர்ப் பாவத்தைச் சுமந்த கௌதென்சியோ

பாவசங்கீர்த்தனம் என்றால் தன் பாவத்தைத் தானே சொல்வது என்று நினைத்துக்கொண்டிருக்கிறீர்களா? அப்படியானால் நீங்கள் வெகுளி, அல்லது கோயில் பக்கம் போய் நாளாகிவிட்டது. தவறாமல் கோயிலுக்குப் போகிறவர்களைக் கேட்டுப் பாருங்கள். அடுத்தவன் பாவத்தைச் சாமியாரிடம் சொல்லிவிட்டு, அதற்கான மன்னிப்பைத் தன் பெயரில் வாங்கிக்கொண்டு போகிற ஓர் இனம் எல்லாப் பங்கிலும் உண்டு என்பார்கள். அடையாளம் கண்டுகொள்வது எளிது. உண்மையாகவே பாவத்தைச் சொன்னவன் எழுந்து வரும்போது காது சிவந்திருக்கும், யார் முகத்தையும் பார்க்க மாட்டான். இந்த இனத்தவர் மட்டும் நகராட்சியில் புகார் கொடுத்துவிட்டு வருகிறவரைப் போல, சட்டையைச் சரிசெய்துகொண்டு, வரிசையில் நிற்பவர்களை ஒவ்வொருவராக அளந்து பார்த்தபடி வருவார்கள். அந்தப் பார்வைக்கு ஒரே அர்த்தம்தான்: உன்னைப் பற்றியும் சொல்லியாகிவிட்டது.

செரியோ ஆற்றங்கரையில் இருக்கும் வெர்தோலாவில் இந்த இனத்தின் தலைசிறந்த மாதிரி கம்பளித் துணி வியாபாரி கௌதென்சியோ. நற்கருணைச் சபையின் தலைவர். நற்கருணைத் திருநாள் பவனியில், சாமியார் நற்கருணை அப்பம் வைத்த கதிர்ப்பாத்திரத்தை ஏந்தி வர, அவர் தலைக்கு மேல் பிடிக்கும் பட்டு விதானத்துக்கு நான்கு கம்புகள். அதில் வலப்பக்கத்து முன் கம்பு இருபத்திரண்டு வருடமாகக் கௌதென்சியோவின் கையில். வலப்பக்கம் ஏன்? நகர அதிகாரியின் மாடம் வலப்பக்கம்தான் இருக்கிறது. கடவுள் எந்தப் பக்கம் இருந்தும் பார்ப்பார். அதிகாரி ஒரு பக்கத்திலிருந்துதானே பார்க்க முடியும்?

பழைய பங்குச் சாமி கொமீனோ இருந்த காலம் கௌதென்சியோவுக்குப் பொற்காலம். பலிபீடத்துக்குப் பக்கத்தில் ஒரு நாற்காலி, அதில் கிழவர், அவர் காலடியில் கௌதென்சியோ. சாமியாருக்குக் காது மந்தம் என்பதால் கௌதென்சியோ உரக்கச் சொல்வார். இல்லை, உரக்கச் சொல்வதற்காகத்தான் சாமியாரின் காது மந்தம் என்று அவர் முடிவு செய்திருந்தார்.

"கோவப்பட்டேன் சாமி."

"ம்."

"ஏன் கோவம் வந்துச்சுன்னு கேளுங்க."

கொமீனோ சாமி கேட்டதே இல்லை. கேட்கவும் தேவையில்லை.

"இந்த பசீனோ இருக்கானே, ரொட்டி சுடறவன், தவக்காலம் ரெண்டாவது வெள்ளிக்கிழமை அவன் வீட்டுப் பொகைபோக்கில பன்னிக்கொழுப்பு வாசன. எனக்குக் கோவம் வந்துருச்சு. கோவம் என்னோட பாவம், ஒத்துக்கறேன். ஆனா கொழுப்பு அவனோடது."

கோபப்பட்டேன் என்பது ஒரு வாசல். அது திறந்ததும் ஊரே உள்ளே வந்துவிடும். பத்திரம் எழுதும் விஸ்கார்தோ ஒரு விதவையின் நிலத்தில் கை வைத்தது, துணி ஆலைக்காரர் பெத்தீனோ பிரசங்கத்தின் நடுவில் குறட்டை விட்டது, தோல் பதனிடும் தொனாத்தோ ஞாயிற்றுக்கிழமை காலையில் சூதாடியது, அவர் மருமகள் பலிபீடத்தைப் பார்ப்பதுபோலப் பலிபீடத்துக்குப் பக்கத்தில் நின்ற தச்சனைப் பார்த்தது எல்லாம் கௌதென்சியோவின் மனவருத்தமாக உருமாறி, சாமியாரின் மந்தக் காதுக்கும் வரிசையில் நிற்பவர்களின் கூர்மையான காதுக்கும் போய்ச் சேரும். தற்செயலாகக் கேட்டுவிட்டவர்களும் வாய் திறக்கக் கூடாது என்பது திருச்சபைச் சட்டம். யாரும் திறக்கவில்லை. அன்று மாலை வரை.

பிறகு காலம் மாறியது. திரெந்து நகரில் ஆயர்கள் கூடிப் பதினெட்டு வருடம் இழுத்தடித்துப் போட்ட சட்டங்கள் மெல்ல மெல்ல மலையேறி வெர்தோலாவுக்கும் வந்து சேர்ந்தன. கொமீனோ சாமி இறந்தார். புதிய குருமடத்தில் படித்த லத்தான்சியோ சாமி வந்தார்: முப்பது வயது, ஒல்லி, நன்றாகக் காது கேட்கும். அவரோடு ஒரு மரக்கூண்டும் வந்தது. நடுவில் தகடு, தகட்டில் பட்டாணி அளவுக்குத் துளைகள், உள்பக்கம் அதற்கு ஒரு மூடி. உள்ளே சாமியார், வெளியே பாவி. ஈஸ்டருக்குள் ஒவ்வொருவரும் அங்கே மண்டியிட்டு, மன்னிப்பு வாங்கி, சாமியார் கையெழுத்திட்ட ஒரு சீட்டோடு வந்தால்தான் நற்கருணை. சீட்டு இல்லாதவர் பெயர் அடுத்த ஞாயிறு கோயில் கதவில் ஆணியடித்துத் தொங்கும். கதவில் பெயர் இருக்கிறவன் செத்தால் கோயில் மண்ணில் இடமில்லை. அதைவிடக் கொடியது, சபை விதிப்படி அவன் விதானக் கம்பைத் தொடக் கூடாது.

கௌதென்சியோவுக்கு எந்தக் கவலையும் இல்லை. குருத்து ஞாயிற்றுக்கு முந்திய சனிக்கிழமை போய் மண்டியிட்டார். அரைமணி நேரம் ஊரை ஒப்புவித்தார்.

"முடிஞ்சுதா ஐயா?" என்றது இளங்குரல்.

"இந்த வருசத்துக்கு இவ்வளவுதான் சாமி."

"உங்க பாவம் எங்க?"

"அதான் சாமி, கோவப்பட்டேனே!"

"நீங்க கோவப்பட்ட மாதிரியே தெரியல. நல்லா ரசிச்சுச் சொன்னீங்க. பசீனோவுக்கு மன்னிப்பு வேணும்னா பசீனோ வரட்டும். உங்களோடதுன்னு ஒண்ணு, ஒண்ணே ஒண்ணு கொண்டு வாங்க. அப்பத்தான் சீட்டு."

கௌதென்சியோ வெளியே வந்தார். வாழ்க்கையில் முதல் முறையாக அவர் காது சிவந்திருந்தது. அவமானத்தில் அல்ல, தன்னிடம் பாவம் இல்லை என்பதற்காகத் தண்டிக்கிறானே இந்தப் பையன் என்ற ஆத்திரத்தில்.

தேடினார். மனிதர் உண்மையாகவே தேடினார், அதையும் சொல்லிவிட வேண்டும். கடையில் உட்கார்ந்து, ஈரக் கம்பளியைச் சட்டத்தில் கட்டி முழத்துக்கு நாலு விரல் கூடுதலாக இழுக்கும் ஆட்களை மேற்பார்த்தபடியே தன் பாவத்தைத் தேடினார். கிடைக்கவில்லை. நூற்கும் பெண்கள் கூலிக்கு வந்து வாசலில் நின்றார்கள். பாவத்தைத் தேடிக்கொண்டிருப்பதால் நாளை வரச் சொல்லி அனுப்பினார். செவ்வாய்க்கிழமை போய், "ரொம்பப் பொறுமையா இருந்துட்டேன் சாமி, தப்பு செய்யறவங்கள இன்னும் கண்டிச்சிருக்கணும்" என்று ஒன்றைக் கொண்டுபோனார். தகடு மூடிக்கொண்டது. புதன்கிழமை, சோர்ந்துபோய், தினைக் களி கிண்டிக்கொண்டிருந்த மனைவி போனாவிடம் வந்தார்.

"ஏ போனா, நான் என்னடி பாவம் பண்ணியிருக்கேன்?"

போனா கரண்டியை வைத்தாள். சட்டியை அடுப்பிலிருந்து இறக்கினாள். கையைத் துடைத்துக்கொண்டாள்.

"உக்காருங்க" என்றாள்.

"என்ன?"

"இருபத்தெட்டு வருசமா கேப்பீங்க கேப்பீங்கன்னு பாத்துட்டு இருந்தேன். உக்காருங்க. எந்தப் பக்கத்துல இருந்து ஆரம்பிக்கட்டும்? கடையா, வீடா?"

"சும்மா ரெண்டு சொன்னாப் போதும்டி."

"ரெண்டா? அந்த இழுத்த துணி ஒண்ணுக்கே பொழுது போயிரும். மழையில நனஞ்சா எல்லாம் சுருங்கிப் போவுதுன்னு துணி வாங்கின கிளுசோனே ஊர்க்காரங்க வந்து கத்தினப்ப, மேல ஒளிஞ்சுக்கிட்டு என்னை அனுப்புனது யாரு? நூக்கற பொண்ணுங்க கூலிக்கு எத்தன தடவ நடக்குதுங்க? பசீனோ வீட்டுச் செவுத்துல காத வச்சு வச்சு அந்த இடத்துல சுண்ணாம்பே போயிருச்சு. எங்கம்மா சாகக் கெடந்தப்ப..."

களி ஆறிக் கட்டியாகிவிட்டது. கௌதென்சியோ கவனமாகக் கேட்டார், விரல் விட்டுக்கூட எண்ணினார். கேட்கக் கேட்க அவர் முகத்தில் தெளிவு வந்தது. போனாவுக்கே மனம் இளகியது. கடைசியில் இந்த மனுசன் புரிந்துகொண்டான் என்று அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

பெரிய வியாழன் காலையில் முதல் ஆளாகப் போய் மண்டியிட்டார்.

"சாமி, கெடச்சிருச்சு."

"சொல்லுங்க ஐயா." அந்தக் குரலில் ஒரு பிரியம்கூட இருந்தது.

"எம் பொண்டாட்டிக்குப் புருசன் மேல மரியாதையே இல்ல சாமி. நேத்து ரெண்டு மணி நேரம் என்னைப் பத்தி அவதூறு பேசினா. ஒவ்வொண்ணா ஞாபகம் வச்சிருக்கேன்."

ஈஸ்டர் முடிந்த ஞாயிறு, வெர்தோலா கோயில் கதவில் ஒரே ஒரு பெயர் தொங்கியது. பூசைக்கு வந்தவர்கள் படித்தார்கள். எழுத்துத் தெரியாதவர்கள் விஸ்கார்தோவைப் படிக்கச் சொல்லிக் கேட்டார்கள். சரியாகக் கேட்கவில்லை என்று மறுபடியும் படிக்கச் சொன்னார்கள். சபை கூடி, வலப்பக்கத்து முன் கம்பை, அந்த வருடம் வேறு ஆள் கிடைக்காததால், ரொட்டிக்காரன் பசீனோவுக்குக் கொடுத்தது. கௌதென்சியோவுக்கு மூன்று நாள் சாப்பாடு இறங்கவில்லை. பன்றிக்கொழுப்புக் கையால் அந்தக் கம்பையா!

இங்கே ஊர் ஜெயித்தது, கதை முடிந்தது என்று நினைத்துவிடாதீர்கள். கம்பு பிடிக்கிறவர்கள் நற்கருணைத் திருநாளுக்கு முன் இன்னொரு தரம் பாவசங்கீர்த்தனம் செய்தாக வேண்டும். திருநாளுக்கு முந்திய நாள் காலையில் பசீனோ போனான். "மாவுல தவிடு கலந்தேன் சாமி. தவக்காலத்துல கொழுப்பு தின்னேன், ரெண்டு தடவ. நல்லாத்தான் இருந்துச்சு, அதுவும் பாவம்தான்" என்றான். ஒரு நிமிடத்தில் சீட்டோடு வெளியே வந்தான். அவன் காது சிவந்திருந்தது.

மற்ற மூன்று கம்புக்காரர்களில் முதலில் வந்தவர் விஸ்கார்தோ. "கோவப்பட்டேன் சாமி. இந்தக் கௌதென்சியோ இருக்காரே..."

பெத்தீனோ வந்தார். "மனசுல கசப்பு வச்சிருந்தேன் சாமி. ஏன்னு கேளுங்க. கௌதென்சியோவோட துணி..."

தொனாத்தோ வந்தார். "எம் மருமகளப் பத்தி கௌதென்சியோ..."

லத்தான்சியோ சாமி மூன்று பேருக்கும் தகட்டை மூடினார். கம்பு நான்கு, கை ஒன்று. மறுநாள் காலையில் பவனி. சாமியார் கூண்டுக்குள்ளேயே நெற்றியைப் பலகையில் சாய்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். மூன்று பேரும் நேராக மதுக்கடைக்குப் போய்ச் சாமியாரின் பாவங்களைப் பேச ஆரம்பித்தார்கள். சேதி கௌதென்சியோவின் கடைக்கு வந்தது.

கால் மணி நேரத்தில் கௌதென்சியோ கூண்டின் முன் மண்டியிட்டார். ஓடி வந்ததில் மூச்சு வாங்கியது.

"சாமி! அந்த மூணு பேருக்கும் மன்னிப்பு கெடைக்கலன்னு கேள்விப்பட்டேன். எனக்கு எவ்வளவு சந்தோசமா இருந்துச்சு தெரியுமா! கடையில நின்னு கைதட்டிச் சிரிச்சேன் சாமி!"

லத்தான்சியோ சாமி நிமிர்ந்தார். வந்துவிட்டது. மற்றவன் விழுந்ததில் மகிழ்ச்சி. கலப்படமில்லாத, சொந்தமான, முழுசான ஒரு பாவம். அது பாவம் என்று மனிதருக்குத் தெரியாது. தெரியாவிட்டால் மனவருத்தம் ஏது, மனவருத்தம் இல்லாமல் மன்னிப்பு ஏது? குருமடத்துப் பாடநூலில் இதற்குத் தனி அத்தியாயமே இருந்தது. ஆனால் குருமடத்தில் விதானம் கிடையாது.

"சிரிச்சதுக்கு வருத்தப்படறீங்களா ஐயா?"

"வருத்தப்படறேன் சாமி. ஆனா அவங்க..."

அந்த ஆனாவுக்கும் பாவமன்னிப்புக்கும் நடந்த ஓட்டப்பந்தயம் வெர்தோலா கண்டதிலேயே வேகமானது. சாமியார் லத்தீனை மூச்சுவிடாமல் பொழிந்தார். விஸ்கார்தோ ஏமாற்றிய விதவை வருவதற்குள் பிதா வந்தார். பெத்தீனோவின் குறட்டை வருவதற்குள் சுதன். தொனாத்தோவின் மருமகள் எட்டிப் பார்ப்பதற்குள் பரிசுத்த ஆவி, ஆமென். கதவைத் திறந்து சீட்டைக் கையில் திணித்து, தோளைப் பிடித்துத் தூக்கி அனுப்பிவிட்டார்.

கௌதென்சியோவுக்குச் சீட்டு என்ற சேதி மதுக்கடைக்கு எட்டிய நிமிடமே மூன்று பேரும் திரும்ப ஓடி வந்தார்கள். "வயிறு எரியுது சாமி, அந்தாளுக்குக் குடுத்துட்டீங்களேன்னு பத்திக்கிட்டு எரியுது!" மூன்று பேருக்கும் அசல் பொறாமை. மூன்று பேருக்கும் சீட்டு.

மறுநாள் விதானம் அழகாக அசைந்து வந்தது. ஒரு குரூர மகிழ்ச்சியும் மூன்று பொறாமைகளும் அதைத் தூக்கின. கதவிலிருந்து பெயர் இறங்கிவிட்டால் பழைய இடம் பழைய ஆளுக்கே என்பது சபை விதி. எனவே வலப்பக்கத்து முன் கம்பு கௌதென்சியோவின் கையில், முகம் மாடத்தைப் பார்த்து. தன் பாவத்தைத் தானே சொன்ன ஒரே ஒருவனுக்குக் கம்பு இல்லை. பசீனோ சபை அங்கியைக் கழற்றி மடித்துக் கொடுத்துவிட்டு, திருநாளுக்கு ரொட்டி சுடப் போய்விட்டான்.

சரி. இவ்வளவு நேரம் கௌதென்சியோவின் பாவங்களை ஒன்றுவிடாமல் கேட்டீர்கள், நடுவில் இரண்டு இடத்தில் சிரித்தீர்கள். படிக்கும்போது மனதில் ஒரு முகம் வந்ததல்லவா? இதை அவருக்குக் கட்டாயம் படிக்கக் கொடுக்க வேண்டும் என்றுகூட நினைத்தீர்கள். அது யார் முகம்? உங்களுடையது என்றால் நல்லது, பசீனோவைப் போலப் போய் அடுப்பை மூட்டுங்கள். வேறு யாருடையதாவது என்றால் கொஞ்சம் தள்ளி நில்லுங்கள். வரிசை நீளம்; உங்களுக்கு முன்னால் நான் நிற்கிறேன்.